பாதிச் சோக்கில் ஓடும் இஞ்சின்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை கடையைக் காலி செய்துகொண்டு சோலூருக்கே வந்துவிடுவதாகப் போனில் சொன்னாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். அதனால் தபாலை நம்பவில்லை. மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் நமக்குத் தெரிந்த கண்டக்டரிடம் ஒரு பால்பவுடர் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். டப்பா எதற்கென்று போகப்போகச் சொல்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் நீ "அம்மா" என்று ஒரு இழுவை இழுப்பாய். நானும் "சரி, வந்துரு சாமி" என்று சொல்லிவிடுவேன். எழுதும்போது குறுக்கே பேச ஆள் இல்லை. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

நீ சொன்னதை முதலில் நானே ஒரு தரம் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள். ரம்யாவுக்குக் காரமடை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதை விட்டுவிட்டு அவள் மலைக்கு வர முடியாது என்பதால் கல்யாணம் ஆனதும் நீ கீழே இறங்கிப் போனாய். மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல் வெட்டுகிற மெஷின், தண்ணீர் இறைக்கிற பெட்ரோல் பம்ப், இவற்றுக்கெல்லாம் ரிப்பேர் கடை போட்டாய். பாக்குத் தோப்பும் வாழைத் தோப்பும் நிறைந்த ஊர், வேலைக்குக் குறைவிருக்காது என்று நானும் சொன்னேன். வேலை வந்தது. ஆனால் நீ டியூனிங் செய்து கொடுத்த புல் வெட்டும் மெஷின்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தோப்புக்குப் போனதும் சூடேறி, பிஸ்டன் உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. "எனக்குக் கை வரலீங்கம்மா. கடையில வெச்சுப் பாக்கறப்ப ஜம்முனு ஓடுது. தோப்புக்குள்ள கொண்டுபோய் ஓட்டுனா புடிச்சிக்குது. மலைக்காரன்கிட்ட மெஷினக் குடுத்தா பொசுக்கித்தான் குடுப்பான்னு டீக்கடையில பேசிக்கறாங்க" என்றாய். அப்புறம் போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ ஒப்புக்குச் சொல்வதுபோல இதையும் சொன்னாய்: "ஒண்ணு மட்டும் புரிய மாட்டேங்குதுங்கம்மா. சோக்கைப் பாதி மூடி வெச்சா நல்லா ஓடுது. முழுசாத் தொறந்துவிட்டா கீச்சுன்னு கத்துது."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் "பாக்கலாம் சாமி" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் முதலில் இஞ்சின். நம் வீட்டில் எந்தச் சண்டையாக இருந்தாலும் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத்தானே உட்கார்ந்து பேசுவோம்.

கடையில் நம் மூன்று பேருக்கும் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா பேசுவார், நான் ரிப்பேர் பார்ப்பேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத மனிதர், ஆனால் ரிப்பேர் கடை முதலாளி என்றால் ஊட்டி வரைக்கும் அவரைத்தான் தெரியும். நான் உள்ளே பெஞ்சில் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரம்மா சும்மா தொடச்சு வெக்கறாங்களாட்ட இருக்குது" என்று சொன்ன ஆட்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வாடிக்கையாளரோடு பேசுவதைவிட கார்புரேட்டரோடு பேசுவது எளிது. உன் அப்பா போன பிறகு பேசுகிற வேலை உனக்கு வந்தது. நீயும் அவரைப் போல நன்றாகத்தான் பேசினாய். ரிப்பேரும் கற்றுக்கொண்டாய், ஆனால் பக்கத்திலிருந்து என் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். கை என்ன செய்கிறது என்று பார்த்தாய். ஏன் செய்கிறது என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன்னுடைய இப்போதைய கஷ்டம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

சோக்கிலிருந்து தொடங்குகிறேன். சோக் என்பது இஞ்சினுக்குள் போகிற காற்றை மறைக்கிற ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். காற்றைக் குறைத்தால் பெட்ரோலின் பங்கு கூடும். குளிர்ந்து கிடக்கிற இஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதனால் கதவை மூடிக் கயிற்றை இழுக்கிறோம். ஒரு இருமல் இருமியதும் கதவைத் திறந்துவிட வேண்டும். நம் போஜன் அண்ணன் கதை நினைவிருக்கிறதா? கேரட் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வந்து, கரும்புகை கக்குகிறது, மெஷினை மாற்றிக்கொடு என்று உன் அப்பாவோடு மல்லுக்கு நின்றார். நான் எட்டிப் பார்த்தால் சோக் மூடியே கிடக்கிறது. "ஏனுங்கண்ணா, இதைத் தொறக்கவே இல்லீங்களா?" என்றேன். "பனி கொட்டுதே தங்கச்சி, மெஷினுக்கும் குளுருமேன்னு மூடியே வெச்சிருந்தேன்" என்றார். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்து சிரித்தார். இன்றைக்கும் போஜன் அண்ணன் கடைக்கு வந்தால் முதலில் சோக்கைத் திறந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

ஆனால் சோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓடுகிற இஞ்சினிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் சோக்கால்தான் கேட்க முடியும். இஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கை மெதுவாக மூடிப் பார். திணறி, புகைவிட்டு, நின்றுபோகப் பார்த்தால் பெட்ரோல் ஏற்கெனவே போதுமான அளவுக்கு வருகிறது என்று அர்த்தம். மாறாக, மூட மூட நன்றாக ஓடினால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை. பசியோடு ஓடுகிறது. இந்தச் சின்ன இஞ்சின்களில் ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலில் கலந்துதான் போகிறது என்பது உனக்குத் தெரியும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சூடு ஏறுகிறது, கீச்சென்று கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. நீ போனில் ஒப்புக்குச் சொன்னாயே, அதுதான் விடை. கேள்வியை நீ சரியாகவே கேட்டிருக்கிறாய், அதுவும் பதில் சொல்லியிருக்கிறது. உன் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

பெட்ரோல் ஏன் போதவில்லை என்று கார்புரேட்டரைத் திறந்து பார்த்திருப்பாய். உன் பழக்கம் அது. எந்த மெஷின் வந்தாலும் முதலில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெஞ்சில் பரப்பிவிட்டுத்தான் உனக்கு யோசனையே வரும். அதைக் கடைசியாகத் திற என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். உன் கல்யாணத்தன்று நடந்ததை நினைத்துப் பார். காரமடை மண்டபத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ரம்யாவின் சித்தப்பா, "கார்புரேட்டர் அடைப்புங்க, கழட்டித்தான் ஆகோணும்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். மணவறையில் உட்கார்ந்திருந்த நீயும் அங்கிருந்தே "ஆமாங்க, கழட்டுங்க" என்று தலையாட்டினாய். நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. அப்புறம் முகூர்த்தம் முடிகிறவரை அது நிற்கவில்லை. மூடியில் இருக்கிற சின்னத் துளைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. முதலில் டேங்க் மூடி, அப்புறம் பெட்ரோல் புதிதா பழையதா, அப்புறம் காற்று ஃபில்டர், சோக், பிளக். இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால்தான் கார்புரேட்டர். சம்பந்தி வீட்டார் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதைச் சொல்வதற்கென்ன.

பெட்ரோல் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், அங்கே உனக்கு உதவும். இப்போது வருகிற பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. மழைக்காலம் முழுவதும் மெஷினை மூலையில் போட்டுவிட்டு, வெயில் வந்ததும் எடுத்து இழுத்தால் வராது. உள்ளே பெட்ரோல் பிசினாகிக் காய்ந்திருக்கும். ஜெட் என்கிற அந்தப் பித்தளைத் திருகில் இருக்கிற துளையை அந்தப் பிசின் அடைத்திருக்கும். அதை ஊறவைத்து, காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். நீ காலேஜ் லீவில் கடைக்கு வந்த புதிதில் என் சேலை ஊக்கைக் கேட்டு வாங்கிக் குத்தி எடுத்தாயே, துளை பெரிதாகி, அந்தப் பம்ப் செட் குடித்த பெட்ரோலுக்குக் கணக்கே இல்லாமல் போயிற்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் வேறு ஜெட் போட்டேன். அன்றைக்குத் திட்டியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாயோ என்னவோ. நான் திட்டவில்லை, நீயும் கேட்கவில்லை, ஊக்கு மட்டும் எனக்குத் திரும்பி வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலைமேல் காற்று மெலிது. கீழே கனம். அதே அளவு பெட்ரோல் விடுகிற கார்புரேட்டர், கீழே சரியாக ஓடும். இங்கே மேலே வந்தால் காற்றின் பங்கு குறைந்து பெட்ரோல் அதிகமாகிவிடும். கரும்புகை வரும், திணறும், ஏற்றத்தில் இழுக்காது. கம்பெனிக்காரன் கீழ்நாட்டுக் காற்றை நினைத்துத்தான் மெஷின் செய்து அனுப்புகிறான். அதனால்தான் நம் கடையில் புது மெஷின் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் முதல் காரியமாக என்ன செய்வோம்? பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவை, பெட்ரோல் குறையும்படி ஒரு திருகு உள்ளே திருகுவோம். மஞ்சள் குங்குமம் வைக்கிறதுக்கும் முன்னால் அதுதான். பம்ப் செட்டாக இருந்தால் ஸ்க்ரூ இருக்காது, அதனால் ஜெட்டையே கழற்றிவிட்டுச் சின்னத் துளை ஜெட் போடுவோம். ரிப்பேருக்கு வந்த மெஷினையும் கடைசியாக ஒரு திருகு உள்ளே திருகித்தான் கொடுப்போம். உன் கை எத்தனை வருஷமாக அதைச் செய்கிறது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. சாப்பிட்ட கை தானாகக் கழுவப் போவதுபோல அது தானாகப் போகும். காரமடையிலும் போயிருக்கிறது. ஏற்கெனவே சரியாக இருந்த மெஷினை மலைக்கு ஏற்றபடி மூடி, கனத்த காற்றில் பசியோடு ஓடவிட்டிருக்கிறாய். கடையில் சும்மா வைத்து ஓட்டும்போது சத்தம் சுத்தமாகக் கேட்கும், நீயும் திருப்தியாகக் கொடுத்திருப்பாய். தோப்பில் பாரம் ஏறியதும் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அங்கே பிறந்து வளர்ந்த மெக்கானிக் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவனுக்குச் செய்யத் தெரியாது. மலையில் நன்றாக வேலை பழகியவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கை வரவில்லை என்றாயே, கை வந்ததால்தான் இது நடந்தது.

இதை நீ பார்க்காமலும் இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருவாய். மேட்டுப்பாளையத்தில் என் அம்மா, உன் அம்மிச்சி ஊட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பர்லியாறில் நிறுத்துவோம். உன் அப்பா டீ குடித்துக்கொண்டு டீக்கடைக்காரருக்கு ஊட்டி அரசியலைச் சொல்லிக்கொண்டிருப்பார். உனக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்து ஒரு கல்லில் உட்கார வைப்போம், சட்டையெல்லாம் கறை செய்துகொள்வாய். நான் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வண்டியின் ஸ்க்ரூவைத் திருகுவேன். கீழே போகும்போது வெளியே, மேலே வரும்போது உள்ளே. ஒருநாள் நீ, "அம்மா வண்டிய என்னப்பா பண்றாங்க?" என்று அவரைக் கேட்டாய். "வண்டிக்குக் காது குத்தி உடறாங்க சாமி, நீ பழத்தைத் தின்னு" என்றார். நீ அதை நம்பிவிட்டாய். திரும்பி வரும்போது வண்டிக்கு வலிக்குமா என்று கேட்டாய். அப்போதே நான் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு வயது போதாது என்று விட்டேன், அப்புறம் வயது வந்தபோது சொல்ல நேரமே வரவில்லை. நம் கடைக்கு வந்த மெஷின் எல்லாம் கீழிருந்து மேலே வந்தவை. மேலிருந்து கீழே போன மெஷின் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழே போனது நீ மட்டும்தான், உன்னோடு அனுப்பிய ஜெட் டப்பாவும்.

அந்த நீல டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ கடை போடுகிறாய் என்றதும், நான் சேர்த்து வைத்திருந்த ஜெட் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, அதில் வைத்து உன் கையில் கொடுத்தேன். எல்லாம் மலை ஜெட். சின்னத் துளை. நீ கீழே எந்தப் பம்ப் செட்டில் அதைப் போட்டிருந்தாலும் அது பசியோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். கொடுக்கிறபோது எனக்கே தோன்றவில்லை. மகன் போகிறானே என்கிற நினைப்பில் துளையைப் பார்க்கவில்லை.

இப்போது உனக்கு வந்திருக்கிற பால்பவுடர் டப்பாவைத் திற. இத்தனை வருஷமாகப் புது பம்ப் செட்டுகளிலிருந்து நாம் கழற்றிப் போட்ட ஜெட்டுகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. கம்பெனி போட்டு அனுப்பியவை, கீழ்நாட்டுக் காற்றுக்கு ஆனவை, பாதிக்கு மேல் ஒருநாளும் ஓடாதவை. எனக்கு அவை குப்பை. தூக்கிப் போடப் போகும்போதெல்லாம் உன் அப்பா டப்பாவைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்துவிடுவார். "கெடந்துட்டுப் போகட்டும் புள்ள. அது சோறா கேக்குது?" என்பார். பெரிய துளை எது, சின்னத் துளை எது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. எதையும் தூக்கிப் போட மனசு வராத சுபாவம், அவ்வளவுதான். ஆனால் அவர் வைத்துவிட்டுப் போனது உனக்கு ஆகிறது. நேற்று அலமாரியிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டியபோது எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து ஜெட்டுகளைக் கழுவினேன்.

இப்போது நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பது. நீ போன் செய்த அன்றைக்கு, போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலை உன் மெத்தையை வெயிலில் போட்டது. இரண்டாவது, உன் பெஞ்சின்மேல் நான் அடுக்கி வைத்திருந்த பழைய சாமான்களை எடுத்து ஓரமாக வைத்தது. தோள் வலியில் எனக்கு இப்போது ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க முடிவதில்லை. ரிப்பேர் முடித்துவிட்டு, "ஏனுங்க, நீங்களே ஒருக்கா இழுத்துப் பாருங்க" என்று வாடிக்கையாளரிடமே கொடுக்கிறேன். "ரிப்பேருக்கும் வந்துட்டு, கயிறும் நாங்களே இழுக்கோணுமா?" என்று போஜன் அண்ணன் கேலி செய்கிறார். நீ வந்தால் கயிறு இழுக்க ஆள் ஆயிற்று. பேச ஆள் ஆயிற்று. சாயங்காலம் மூடுபனி இறங்கிக் கடைத்தெரு வெறிச்சோடிப் போகும்போது பக்கத்தில் ஒரு ஆள் ஆயிற்று. ஒரு ஸ்க்ரூ விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் போதும், எல்லாம் தானாக நடக்கும். நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. எனக்கு நீ வேண்டியிருந்தாய். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒன்றும் இல்லை.

அப்படியே விட்டிருப்பேன். ரம்யா போன் செய்தாள். நீ பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்திருப்பாள். "அத்தை, நானும் வேலைய உட்டுட்டு அவரோட மேலயே வந்தர்றேனுங்க" என்றாள். காரணத்தையும் அவளே சொன்னாள்: "அங்க வந்தாலாச்சும் அவரு நல்லா இருப்பாருங்க. இங்க கடையத் தொறந்து வெச்சுட்டு ஸ்க்ரூடிரைவரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்காரு, மெஷினத் தொடறதே இல்லீங்க. தொட்டாக் கெட்டுப் போயிரும்ங்கறாரு." அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. வருகிறவன் என் மகன்தான், ஆனால் தொட்டதெல்லாம் கெட்டுப்போகும் என்று நம்பிக்கொண்டு வருகிறவன். இங்கே வந்து உட்கார்ந்ததும் உன் கை பழையபடி ஒரு திருகு உள்ளே திருகும், மெஷினும் நன்றாக ஓடும். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொள்வாய். உண்மை தெரிந்தவள் நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரம்யாவும் வேலையை விட்டுவிட்டு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பெரிய தியாகம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. அந்த வீட்டில் நான் இருந்து பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே இப்படிச் செய். நீ தொட்ட மெஷின் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எல்லோருடைய தோப்புக்கும் நீயே போ. அவர்கள் கடைக்கு வரட்டும் என்று காத்திருக்காதே. ஸ்க்ரூவை வெளியே திற. முழு வேகத்தில் பாரம் இல்லாமல் ஓடும்போது சத்தம் கீச்சென்று இருக்கக்கூடாது, தொண்டை கட்டினவன் பேசுவதுபோல லேசாகக் கரகரக்க வேண்டும். புல்லுக்குள் பிளேடை விட்டதும் அந்தக் கரகரப்பு போய்ச் சுத்தமாக வேண்டும். அதுதான் அளவு. சந்தேகமாக இருந்தால் சோக்கை மெல்ல மூடிக் கேள். பம்ப் செட்டுகளில் நீல டப்பா ஜெட் எது போட்டிருந்தாலும் கழற்றிவிட்டு, இப்போது அனுப்பியிருப்பதில் அதே கம்பெனி ஜெட்டைப் பார்த்துப் போடு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பழக்கத்தில் சோக்கை முழுதாக மூடாதே. அங்கே அந்தக் குளிர் இல்லை, பிளக் நனைந்துவிடும். நனைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடை, சோக்கைத் திறந்து வைத்துக் கயிற்றை வெறுமனே இழுத்து உள்ளே இருக்கிற பெட்ரோலை வெளியேற்று, பிறகு போடு. பிடித்துப்போன இஞ்சின்களுக்குப் புது பிஸ்டன் செட் கோயம்புத்தூர் கடையில் சொல்லியிருக்கிறேன், உன் பேருக்கு வந்துவிடும்.

தோப்புக்காரர்கள் காரணம் கேட்டால் மழுப்பாதே. உன் அப்பாவின் வாய் உனக்கு இருக்கிறது, அதை இதற்குப் பயன்படுத்து. "மலையில காத்து மெலிசுங்க, அந்தக் கணக்குலயே உங்க மெஷினையும் வெச்சுட்டேன், தப்பு என்னுதுதான்" என்று சொல். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மலைக்காரன் என்கிற பேர் இருக்கட்டும், அதை மாற்ற முடியாது. பொசுக்குகிறவன் என்கிற பேர் அடுத்த பருவத்துக்குள் போய்விடும்.

ரம்யாவிடம் வேலையை விட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், இது உன் கைக்கு வந்த பிறகு, சாயங்காலம் உன்னைக் கேட்கச் சொன்னேன். உன் மெத்தையை மடித்து மறுபடியும் பரண்மேல் போட்டாகிவிட்டது. தோளுக்கு எண்ணெய் தடவுகிறேன், அதற்கு மேல் கேட்காதே. மூவரும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று தோன்றினால் மங்குஸ்தான் காலத்தில் நீங்கள் பர்லியாறு வரைக்கும் ஏறி வாருங்கள், நான் அதுவரை இறங்கி வருகிறேன். இருவருக்கும் பாதி வழி.

இங்கே கேரட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற காலம் தொடங்கிவிட்டது, புது பம்ப் செட்டுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. எனக்கு மலை ஜெட் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் உனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ்ஸில் அந்த நீல டப்பாவைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. நான் பஸ் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஏறாதே.

அம்மா